வகுப்பறைக்குள் ஊர் – 9: வலை இல்லாமல் வலை இழுப்போம்

நம் தொடக்கப் பள்ளிகளில் நாடகத்துக்கு வருஷத்தில் ஒரே நாள்தான்: ஆண்டு விழா. அதற்கு இரண்டு வாரம் முன்னதாக டீச்சர் ஒரு தாளில் வசனம் எழுதிக் கொடுப்பார். குரல் எடுப்பான பையன் கட்டபொம்மன். பார்க்க லட்சணமாக இருக்கிறாள் என்று டீச்சர் நினைக்கிற பெண் ராணி. மிச்சப் பேர் காவலாளி, மரம், செடி. அன்றைக்குக் காலையில் வாடகை உடை வந்து இறங்கும். பிள்ளைகள் மைக்கைவிட்டு நகராமல் வசனத்தை ஒப்பிப்பார்கள். பெற்றோர் செல்போனில் படம் பிடிப்பார்கள். மறுநாள் உடை கடைக்குத் திரும்பும். நாடகமும் அதோடு மூட்டை கட்டிப் போய்விடும்.

விழா நாடகத்தைக் குறை சொல்ல வரவில்லை. மேடை ஏறிய பிள்ளைக்கு அது காலத்துக்கும் மறக்காது. ஆனால் மரமாக நின்ற பிள்ளை அதில் என்ன கற்றது? கட்டபொம்மனாக நின்ற பிள்ளைகூட மனப்பாடத்தைத் தாண்டி என்ன கற்றது? இந்த இரண்டு கேள்விகளோடுதான் இந்த வாரம் நல்லவாட்டுக்குப் போகிறோம்.

சென்ற வாரம் பாகூர் ஏரியை வைத்துப் பரப்பளவுக் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். பாகூரிலிருந்து கடலூர் சாலைக்கு வந்து, தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் சாலை கடலில்தான் போய் முடியும். அங்கே இருக்கிற மீனவ ஊர் நல்லவாடு. கட்டுமரத்தில் போன தாத்தா, ஃபைபர் படகில் போகிற அப்பா, கூடையில் மீன் சுமந்து விற்கிற ஆயா என்று ஒரு வீட்டுக்குள்ளேயே மூன்று காலம் குடியிருக்கும் ஊர். நாடகம் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

பாய்ஸ் கம்பெனி கற்பித்த பாடம்

தமிழ் நாடகத்துக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உறவு பழையது, கொஞ்சம் கசப்பானதும்கூட. அதைப் பேசப் புதுச்சேரியை விடப் பொருத்தமான இடம் இல்லை. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் தூத்துக்குடிச் சீமைக்காரரான சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று இந்த ஊரில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான்.

சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கேதான் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான தி.க. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. இன்றைய கணக்கில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. அந்தச் சிறுவர்களுக்காகச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்ததைச் சண்முகம் தன் 'எனது நாடக வாழ்க்கை'யில் பதிவு செய்திருக்கிறார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இதே மாதிரி பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான்.

ஆறு வயதுப் பிள்ளையால் விடிய விடிய நடிக்க முடியும், பாட முடியும், நூற்றுக்கணக்கான அடிகளை நினைவில் வைக்க முடியும் என்று அந்தக் கம்பெனிகள் நிரூபித்துக் காட்டின. அதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. வீடு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, தப்பினால் அடி. மகரக்கட்டு உடைந்து குரல் போனால் ராஜபார்ட்டும் போய்விடும். பிள்ளை நாடகத்துக்காக வாழ்ந்தது.

கலையா, படிப்பா என்ற இந்தக் கேள்வியை நம் காலத்தில் இன்னொருவர் எதிர்கொண்டார். காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்தாட வந்தவர். தனக்கு நேர்ந்தது அடுத்த தலைமுறைக்கு நேரக் கூடாது என்று ஆய்வாளர் ஹன்னே டி புருயினுடன் சேர்ந்து 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் படிப்பையும் கூத்தையும் ஒன்றாகக் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடி வந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டாலும் அது காட்டிய வழி மூடவில்லை. கலைக்காகப் பிள்ளையின் படிப்பைப் பறிக்க வேண்டியதில்லை என்பது அங்கே நடைமுறையில் தெரிந்தது.

பார்வையாளர் இல்லாத நாடகம்

நாம் பேசுகிற வகுப்பறை நாடகம் இதிலிருந்தும் ஒரு படி விலகி நிற்பது. யாரையும் நடிகராக்குவது அதன் நோக்கமில்லை. பார்க்க ஆள் வேண்டாம், மேடை வேண்டாம், உடை வேண்டாம். நாற்பது நிமிஷப் பாடவேளையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஆடிப் பார்த்து, பேசிப் பார்த்து, ஒரு விஷயத்தை உள்ளேயிருந்து புரிந்துகொள்வார்கள். அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து பெல்கிரேட் தியேட்டர் 1965-இல் நடிகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியபோது 'கல்வியில் நாடகம்' தனித் துறையாக வடிவம் எடுத்தது. அதே நாட்டில் டோரதி ஹீத்கோட் என்ற பெண்மணி இன்னொரு பாதை போட்டார். ஆசிரியர் வெளியே நின்று 'இப்படி நடி, அப்படி நடி' என்று ஏவுவதை நிறுத்திவிட்டு, தானும் ஒரு பாத்திரமாகிக் கதைக்குள் இறங்கினார். டெல்லி தேசிய நாடகப் பள்ளி 1989-இல் இதற்கென்றே தனிக் குழு அமைத்தது.

தமிழில் இதற்கு முன்னோடிகள் உண்டு. டெல்லியில் பயின்று, காந்திகிராமத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய பேராசிரியர் சே. இராமானுஜம் சிறுவர் நாடகத்தில் அக்கறையோடு உழைத்தவர். யாழ்ப்பாணத்தில் 1978-இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிக் குவித்தார். இலங்கையில் நாடகமும் அரங்கியலும் தேர்வு எழுதும் பாடமாகவே இருக்கிறது. புதுச்சேரியில் வேலு சரவணனின் ஆழி குழந்தைகள் நாடகக் குழு இருக்கிறது. அவருடைய 'கடல் பூதம்' தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மைதானங்களில் ஆடிய நாடகம்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். 1909-இல் காரைக்கால் பக்கம் நிரவியில் வாத்தியார் வேலையில் சேர்ந்து 1946 வரை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் பாரதிதாசன். அவருக்குச் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தது கவிதைக்காக இல்லை, 'பிசிராந்தையார்' நாடகத்துக்காக. புதுச்சேரி வாத்தியார்களுக்கு நாடகம் பூர்வீகச் சொத்து என்று தைரியமாகச் சொல்லலாம்.

இனி வகுப்புக்குள் போவோம்.

முதல் பாடம்: கயிறு

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உடம்புதான் நாடகம். வசனம் கொடுக்காதீர்கள். நல்லவாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு வேலையைக் கொடுங்கள்: கரையிலிருந்து வலை இழுப்பது. பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். கயிறு இல்லை. இழுக்க வேண்டும்.

முதலில் கூச்சலும் சிரிப்புமாக இருக்கும். ஒருவன் முழங்கை நீளம் இழுப்பான், பக்கத்தில் இருப்பவள் இரண்டு முழம் இழுப்பாள். ஒருத்தி கை மூடியிருக்கும், இன்னொருத்தியின் கையில் பூசணிக்காய் அளவு இடைவெளி. அப்போது திட்ட வேண்டாம். கேள்வி கேளுங்கள். “கயிறு எவ்வளவு தடிமன்?” “நனைஞ்ச கயிறா, காய்ஞ்ச கயிறா?” “முன்னாடி நிக்கிறவங்க கை எங்க இருக்கு, பாரு.” இரண்டாம் தடவை இழுக்கும்போது முதுகு பின்னால் சாயும், குதிகால் மணலில் ஊன்றுவதுபோல் ஊன்றும். யாராவது ஒரு பிள்ளை தன் வீட்டில் கேட்ட ஏலேலோவைத் தானாக எடுத்துவிடும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டதும் இருபது கைகளும் ஒரே நேரத்தில் நகரும். பார்க்கிற நமக்கே இல்லாத கயிறு கண்ணுக்குத் தெரியும்.

இப்போது வலையைக் கரையேற்றுங்கள். என்ன மாட்டியிருக்கிறது? ஒவ்வொரு பிள்ளையாக நடுவில் வந்து அந்த மீனாகட்டும். நெத்திலி எப்படித் துள்ளும், நண்டு எப்படி நகரும், திருக்கை எப்படிக் கிடக்கும் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவன் பிளாஸ்டிக் பையாக வந்து கிடந்தால், சூழலியல் பாடத்தை அவனே தொடங்கி வைத்துவிட்டான் என்று கொள்ளுங்கள்.

கடைசி ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேச வேண்டும். எப்போது கயிறு அறுந்தது? எப்போது எல்லோரும் சேர்ந்து இழுத்தோம்? இந்தப் பேச்சு இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டு நேரம். பேசிவிட்டால் அது பாடம். கூட்டு வேலை, உற்றுக் கவனித்தல், கற்பனை மூன்றும் அதற்குள் வந்துவிட்டன.

இதே கடற்கரையில் மூன்றாம் வகுப்புக் கணக்கும் கிடக்கிறது. மீனைக் கூறு கட்டி வையுங்கள். ஒருத்தி ஏலம் கூறட்டும், நாலு பேர் கேட்கட்டும், ஒருவன் கணக்கு எழுதட்டும். கூறு நூற்றிருபது, ஏழு கூறு எவ்வளவு என்று பலகையில் எழுதிக் கேட்டால் விழிக்கிற பிள்ளை, ஏலத்தில் நின்றால் வாயாலேயே சொல்லும். ஏமாந்துவிடக் கூடாது என்ற அக்கறை அங்கே இருக்கிறது.

இரண்டாம் பாடம்: திரை

புதுச்சேரிக் கொம்யூன்களில் தீமிதித் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்திராத பிள்ளை அபூர்வம். கூத்தில் வேஷம் நுழைகிற விதம் மூன்று, நான்காம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். பிறகு வேஷம் வெளியே வரும். கட்டியங்காரன் குறுக்கே நின்று, நீங்கள் யார், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று நையாண்டியாகக் கேட்பான். வேஷம் தன்னைத் தானே சொல்லிக்கொள்ளும்.

பழைய வேட்டி ஒன்று போதும். திரைக்குப் பின்னால் துரியோதனனுக்குப் பதிலாக நுரையீரலை நிறுத்துங்கள். அல்லது ஆவியை, வங்கக் கடலை, பின்னத்தை.

“யாருய்யா அது, புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போடுறது?”

“நான்தான் நுரையீரல் மகாராஜா!”

“ஒத்தை ஆளா வந்தீங்களா?”

“இல்லை, தம்பியும் கூட வந்திருக்கான்.”

“உங்களுக்கு என்ன வேலை?”

பதில் தெரியாமல் இங்கே யாரும் மகாராஜாவாக நிற்க முடியாது. புத்தகத்தைப் புரட்டியே தீர வேண்டும். கேள்வி கேட்கிற கட்டியங்காரனுக்கோ அதைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் வாய் அதிகம் என்று நாம் தினம் அதட்டுகிற பையனுக்கு அந்த வேஷத்தைக் கொடுத்துப் பாருங்கள். கூச்சமுள்ள பிள்ளையைத் திரைக்குப் பின்னாலிருந்தே பேச விடுங்கள். முகம் தெரியாத தைரியத்தில் குரல் வரும். வெளியே வருவது அடுத்த வாரம் நடக்கட்டும்.

இங்கே ஆசிரியர்கள் ஒன்றைக் கட்டாயம் விட்டுக்கொடுக்க வேண்டும். பிள்ளை கடற்கரைப் பேச்சில் பேசினால் நடுவில் மறித்து உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். மறித்த கணத்தில் மகாராஜா மறைந்து, திட்டு வாங்கிய பிள்ளைதான் எதிரே நிற்கும். ஆடி முடித்த பிறகு அதே உரையாடலை எழுத்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தமிழும் அதற்கு வசமாகும்.

மூன்றாம் பாடம்: ஒலிபெருக்கி

ஐந்தாம் வகுப்புக்கு நல்லவாடு வைத்திருக்கிற கதை உலகம் அறிந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் அது தாத்தா பாட்டி சொல்லும் பழங்கதையாகிவிட்டது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. கடலோர ஊர்களில் அலை எவ்வளவு உயரும், காற்று எப்படி அடிக்கும் என்ற செய்தியை எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரில் வேலையில் இருந்த ஊர்ப் பையன் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். செய்தி மையத்துக்கு ஓடியது. ஒலிபெருக்கி அலறியது. ஊரே எழுந்து ஓடியது. அலை வந்தபோது வீடுகள் போயின, படகுகள் போயின. 3,600 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் உயிர்கள் தப்பின.

இதை நாடகமாக்கச் சொன்னால் பிள்ளைகள் முதலில் அலையாகத்தான் ஆவார்கள். நீலப் புடவையை ஆட்டுவார்கள், விழுவார்கள், அழுவார்கள். அந்தப் பக்கம் போக விடாதீர்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் சொந்தத்தைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. சாவை நடித்துக் காட்டுவது இந்த வயதுக்குத் தேவையும் இல்லை. அலைக்கு முந்தைய அந்தச் சில நிமிஷங்களைக் கையில் எடுங்கள். நாடகம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு வரட்டும். அன்று காலையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? மைக்கில் சொன்னதும் நம்பினீர்களா? எதை எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்? இந்த மூன்று கேள்விகள் போதும்.

பிறகு ஆசிரியர் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். துண்டு இருக்கும்வரை அவர் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர். எடுத்துவிட்டால் மறுபடியும் சார். ஹீத்கோட் காட்டிய வழிதான். பிள்ளைகள் ஓடி வந்து கூப்பிடுவார்கள். “தாத்தா, எழுந்து வாங்க, கடல் உள்ள வருது!” கிழவர் அசையக் கூடாது. “போங்கடா. அறுபது வருஷமா இந்தக் கடல்ல கிடக்கிறேன். கடல் ஊருக்குள்ள வருமா?”

இந்த இடத்தில் வகுப்பு ஒரு கணம் திகைக்கும். பிறகு ஒருத்தி கையைப் பிடித்து இழுப்பாள். ஒருவன் மிரட்டுவான். இன்னொருவன், “சிங்கப்பூர்ல டிவில காட்டுறாங்க தாத்தா” என்பான். “சிங்கப்பூர் கடல் வேற, நம்ம கடல் வேற” என்று கிழவர் மடக்க வேண்டும். இரண்டும் ஒரே கடல்தான், அலை இவ்வளவு தூரம் வரும் என்று விளக்காமல் அவரை நகர்த்த முடியாது. புவியியலும் வாதத் திறமையும் அந்த நெருக்கடியில்தான் வெளியே வரும். கடைசியில் ஒரு பிள்ளை, “சரி, வராட்டி திரும்பி வந்துடலாம். வந்துட்டா?” என்று கேட்டால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுங்கள். பேரிடர் மேலாண்மை பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதுவதைவிட இது ஆழமாகத் தங்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை விவகாரத்தில் நல்லவாட்டு மீனவர்களுக்கும் வீராம்பட்டினத்து மீனவர்களுக்கும் கடலில் மோதல் மூண்டு, போலீஸார் வானத்தை நோக்கிச் சுட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். அதை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவருவது சரியில்லை. வீட்டுச் சண்டை பெஞ்சுக்கு வந்துவிடும். ஆனால் பெயரில்லாத இரண்டு ஊர், நடுவில் ஒரு குளம், இருக்கிற மீனோ கொஞ்சம் என்று கதை கட்டலாம். பாதி நேரம் வாதாடிய பிறகு ஊர்களை மாற்றிவிடுங்கள். இதுவரை எதிர்த்துப் பேசிய பக்கத்துக்காக இப்போது பேச வேண்டும். அடுத்தவர் நியாயத்தைத் தன் வாயால் சொல்லிப் பார்க்கிற பயிற்சியை நாடகம் மாதிரி வேறு எந்தப் பாடமும் தராது.

நேரம் எங்கே சார்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதில் நாடகமா? புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. முறைக்கு மாறிவிட்டன. என்.சி.ஈ.ஆர்.டி. 2024-இல் மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுவந்த 'பான்சுரி' கலைப் புத்தகத்தில் ஓவியம், இசை, நடனத்தோடு நாடகமும் தனிப் பகுதியாக இருக்கிறது. ஆக, நாடகமும் போர்ஷன்தான். மேலே சொன்ன மூன்று பாடங்களில் இரண்டு கணக்கையும் அறிவியலையும் முடித்துக் கொடுக்கிற பாடங்கள்.

சத்தம் வரும். அடுத்த வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். கை தட்டினால் அப்படியே உறைந்து நிற்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை முதல் நாளே பழக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த விதியே பிடித்தமான விளையாட்டாகிவிடும். யாரையும் நிரந்தர ராஜாவாக்காதீர்கள். வாரா வாரம் வேஷம் மாற வேண்டும். பையன் ஏலக்காரி ஆகட்டும், பெண் படகோட்டி ஆகட்டும். கேலி செய்கிற பிள்ளைக்கு அடுத்த வாரம் அதே வேஷம். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால் மறுபடியும் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பெற்றோருக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஆண்டு விழாவுக்கு உடை வாடகை எடுக்க ஒதுக்குகிற பணத்தை இந்த முறை கையில் வைத்திருங்கள். பக்கத்து ஊர்க் கூத்துக் கலைஞர் ஒருவரை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, அவருக்கு முறையான சம்பளமாக அதைக் கொடுங்கள். ஆசிரியர்களே, நீங்கள் அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வருகிற திங்கட்கிழமை ஒரு பாடவேளை பெஞ்சை ஓரம் தள்ளுங்கள். என்ன நடந்தது என்று இந்தத் தொடருக்கு எழுதுங்கள்.

(தொடரும்)